பிடிபட்டதற்குப் பின்

இலங்கையில் ஆங்கிலேய அரசின் பொதுப்பணிகளில் வேலை செய்த யானைகளில் 240 யானைகள் 1831 முதல் 1856 வரையிலான இருபத்தைந்து ஆண்டுகளில் இறந்தன. அவற்றுள் 138 யானைகளுக்கு, பிடிபட்ட பிறகு எத்தனை காலம் உயிரோடு இருந்தன என்ற பதிவு இருந்தது. அந்தப் பதிவை, அங்கே காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் அட்டவணையாகத் தந்திருக்கிறார். 138இல் 72 யானைகள் ஓராண்டுக்குள் இறந்துபோயிருந்தன. அந்த 72இலும் 35 யானைகள் முதல் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை.

யானை அறுபது ஆண்டு வாழக்கூடிய விலங்கு. கயிறு அறுத்த புண், பட்டினி, காய்ச்சல் என்று காரணம் சொல்ல முடிந்த சாவுகள் ஒரு பக்கம். நோய் எதுவும் வெளியே தெரியாமல் படுத்துவிட்டு எழாமலே போனவை இன்னொரு பக்கம். நெஞ்சு உடைந்து செத்தது என்று அந்த ஊர் மக்கள் சொல்வார்கள் என டெனன்ட் எழுதுகிறார்.

இந்தக் கணக்கு இரக்கத்தால் எழுதப்பட்டதல்ல. யானை அரசாங்கத்தின் சொத்து. சொத்து அழிந்தால் ஏட்டில் எழுதியாக வேண்டும். ஆனாலும் எழுதினார்கள் என்பது பெரிய விஷயம். பிடிபட்ட யானை பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஏட்டில் விடை இருக்கிறது. இன்று நாம் காட்டு யானையை வேலைக்காகப் பிடிப்பதில்லை. ஊராரின் உயிரைக் காக்கவும் யானையின் உயிரைக் காக்கவும் பிடிக்கிறோம் என்கிறோம். நோக்கம் உயர்ந்திருக்கிறது. நோக்கம் நிறைவேறியதா என்று திருப்பிப் பார்க்கும் ஏடு மட்டும் மெலிந்துபோயிருக்கிறது. பிடிப்பதும் கையாள்வதும் ஒரு விலங்கை என்ன செய்கின்றன என்பதை நம் பக்கத்து யானைகளின் நெடிய வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது, எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

யானையைக் குழியில் வீழ்த்திப் பிடிப்பது தமிழ்நிலத்தில் மிகப் பழைய தொழில். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் சிறையிலிருந்து தப்பி வந்தவன் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. புறநானூற்றின் 17ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் அவனை, குழியில் விழுந்த களிறு அந்தக் குழியைச் சிதைத்து வெளியேறித் தன் கூட்டத்தோடு சேர்ந்ததற்கு ஒப்பிடுகிறார். கரிகாலன் சிறையிலிருந்து மீண்டதைச் சொல்லவரும் பட்டினப்பாலையிலும் இதே உவமைதான். அங்கே களிறு குழியின் கரையைக் குத்தி இடித்துவிட்டுத் தன் பிடியிடம் போகிறது. இரண்டு புலவர்களும் குழிக்கு வெளியே வந்ததோடு யானையை விட்டுவிடவில்லை. கூட்டம் மகிழச் சேர்ந்தது, பிடியிடம் போனது என்ற இடம்வரை கூட்டிச்செல்கிறார்கள். குழி அந்த யானையிடமிருந்து எதைப் பறித்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது கவிதையின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. குழி வெட்டியவர்களையும் குழியில் விழுந்த யானையையும் கண்ணால் பார்த்த சமூகத்தின் அறிவு அது.

வடக்கே அர்த்தசாஸ்திரம் யானை பிடிப்பதற்கு விதி வகுத்தது. கோடையில் பிடிக்க வேண்டும். இருபது வயது யானையைப் பிடிக்க வேண்டும். குட்டியையும் கொம்பில்லாததையும் நோயுற்றதையும் பால் கொடுக்கும் தாயையும் பிடிக்கக் கூடாது. அரசனுக்குப் போர்யானை வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் எதைப் பிடிக்கக் கூடாது என்ற பட்டியல் அந்த விதியிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாக அரியன் எழுதிவைத்த விவரிப்பு இன்னும் நெருக்கமானது. சமவெளியில் பெரிய வட்டமாக அகழி வெட்டி, உள்ளே பழகிய பெண் யானைகளை நிறுத்தி, குறுகலான ஒரு பாலத்தை மட்டும் மண்ணும் புல்லும் மூடி விட்டுவைப்பார்கள். இரவில் காட்டு யானைகள் உள்ளே போனதும் பாலத்தை எடுத்துவிடுவார்கள். பசியிலும் தாகத்திலும் அவை தளரும்வரை காத்திருப்பார்கள். பிறகு பழகிய யானைகளைக் கொண்டு மோதவிட்டு, காலைக் கட்டி, கழுத்தைச் சுற்றிலும் கத்தியால் கீறி, அந்தப் புண்ணின் மேலேயே வாரைக் கட்டுவார்கள். தலையைத் திருப்பினால் வலிக்கும். ஆகவே யானை தலையைத் திருப்பாது. கொட்டிலுக்கு வந்த பிறகு தின்ன மறுக்கும் யானைகளைப் பாடியும் பறையும் தாளமும் கொட்டியும் தேற்றுவார்கள் என்றும் அரியன் எழுதுகிறார். மிகச் சிறியதையும் வலுவற்றதையும் அங்கேயே விட்டுவிடுவார்களாம். வலியால் அடக்குவதும் பாட்டால் தேற்றுவதும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டாக இந்தத் தொழிலின் இரண்டு கைகளும் இவைதான்.

ஈழத்தில் யானை பிடிப்பது ஏற்றுமதித் தொழிலாகவே நடந்தது. வன்னிக் காடுகளில் பிடிபட்டவை ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்குள் வந்து, அங்கிருந்து கப்பல் ஏறின. போர்த்துகேயரும் பின்னர் ஒல்லாந்தரும் அதில் நல்ல வருவாய் கண்டார்கள். ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பணிக்கர்கள், தோல்வாரில் திரித்த சுருக்கை மட்டும் வைத்துக்கொண்டு காட்டு யானையின் பின்னங்காலுக்கு மிக அருகே ஊர்ந்துபோய்ச் சுருக்கு மாட்டும் திறனுக்குப் பேர் பெற்றவர்கள். டெனன்ட் அவர்களை வியந்து எழுதியிருக்கிறார். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் சுருக்கு விழுந்த யானை என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்த அட்டவணைதான் சொல்கிறது.

இங்கே சென்னை மாகாணத்தில் குழிமுறை நெடுங்காலம் நின்றது. யானைத் தடங்களில் வரிசையாகக் குழி வெட்டி, மூங்கிலும் தழையும் பரப்பி மூடுவார்கள். விழும் யானைக்கு எலும்பு முறியாமலிருக்க அடியில் புல்லும் தழையும் போடும் வழக்கமும் வந்தது. விழுந்த யானையை எடுக்க, குழிக்குள் மரக்கட்டைகளைத் தள்ளித் தள்ளித் தளத்தை உயர்த்துவார்கள். மேலேறியதும் பழகிய கும்கி யானைகள் இரண்டு பக்கமும் நெருக்கிக் கொண்டுபோகும். கூட்டத்தில் எது முன்னால் நடக்கிறதோ அது விழும். அது குட்டியாகவும் இருக்கலாம், சினைப்பிடியாகவும் இருக்கலாம். அர்த்தசாஸ்திரம் விலக்கியவற்றைக் குழி விலக்காது. மைசூரில் கெத்தா முறையை நிலைநிறுத்திய ஜி. பி. சாண்டர்சன், குழிமுறையைக் கொடியதென்று கண்டித்தவர். 1874இல் சாமராஜநகர்ப் பக்கம் அவர் முதல் கெத்தாவை வெற்றியாக நடத்தினார். பிறகு காகனகோட்டையில், கூட்டம் கூட்டமாக யானைகளைக் கபினி ஆற்றுக்குள் விரட்டிப் பட்டிக்குள் அடைக்கும் கெத்தா, மன்னர் குடும்பத்துக்கும் வைஸ்ராய்களுக்கும் காட்டும் திருவிழாவாகவே ஆனது. 1971இல் கடைசிக் கெத்தா நடந்தது. அதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட கெத்தாக்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள். 1968இல் அங்கே பிடிபட்ட ஒரு களிறுதான் பின்னாளில் மைசூர்த் தசராவில் தங்க அம்பாரி சுமந்த அர்ஜுனா. வயதான பிறகும் காட்டுக் கொம்பன்களைப் பிடிக்க அது அனுப்பப்பட்டது. அப்படிப் போன ஒரு வேலையில், 2023 டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டத்தில் ஒரு காட்டு யானை குத்தி அது இறந்தது. பிடிபட்ட ஒரு யானையின் கதை ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து இன்னொரு யானையைப் பிடிக்கும் இடத்தில் முடிந்திருக்கிறது.

மக்கள் மனம் மாறிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இலங்கையின் பனாமுறையைக் காட்டுவேன். 1950இல் அங்கே நடந்த யானைப்பட்டியில் கூட்டத்தின் தலைவனான களிறு, தன் கூட்டத்தில் யாருக்கும் சுருக்கு மாட்டவிடாமல் குறுக்கே நின்றது. அதைச் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது. அதற்குப் பிறகு அந்தத் தீவில் யானைப்பட்டி நடக்கவில்லை. இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணைக்குள் வந்தது. கேரளத்தின் கோன்னியில் யானையை அடைக்க 1942இல் கட்டிய பெரிய மரக்கூடு காட்சிப்பொருளானது.

வேலைக்கும் விற்பனைக்கும் பிடிப்பது இப்படி நின்றது. பிடிப்பது நிற்கவில்லை.

காடு துண்டானது. வலசைப்பாதையில் செங்கல்சூளையும் கல்லூரியும் தோட்டமும் வந்தன. நெல்லும் கரும்பும் வாழையும் காட்டுப் புல்லைவிடச் சத்தான தீனி என்று களிறுகள் கண்டுகொண்டன. மனிதர் இறந்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கையும்கூட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாதென்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் உறுதியாக நம்பினாலொழியக் கொல்லக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். கொலைக்குப் பதிலாகப் பிடிப்பதை அது முன்னே வைத்தது. அதிலிருந்து பிடிப்பது இரக்கத்தின் பெயரால் நடக்கும் செயலானது. இரக்கத்தின் பெயரால் நடப்பதை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கருவியும் மாறியது. குழி போய் மயக்க ஊசி வந்தது. ஊசித் துப்பாக்கி சத்தமின்றி வேலை செய்யும். யானை நின்றபடியே மயங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு வன்முறை எதுவும் தெரியாது. உள்ளே நடப்பது வேறு. யானையின் நுரையீரல் மற்ற பாலூட்டிகளைப் போல மார்புக்கூட்டுக்குள் வழுவழுவென்று நகர்வதில்லை. இணைப்புத் திசுவால் மார்புச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மயக்கத்தில் அது மார்பு தரையில் அழுந்தப் படுத்துவிட்டால், அந்த எடையின் கீழ் மூச்சு இழுக்க முடியாது. சில நிமிடங்களில் உயிர் போகலாம். நின்றபடி மயங்கும் அளவை மருத்துவர்கள் குறிவைப்பது அதனால்தான். உடலில் வியர்வைச் சுரப்பி அநேகமாக இல்லாத விலங்கு. காதை வீசித்தான் சூட்டை வெளியேற்றும். மயங்கிய யானை காதை வீசாது. ஆகவே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கண்ணைக் கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். மருந்து போதவில்லையென்றால் இன்னொரு ஊசி, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றும் இதயத்தின் மேலும் மூச்சின் மேலும் ஏறும் சுமை. இந்த வேலையைச் செய்யும் வனக் கால்நடை மருத்துவர்கள் தம் உயிரையும் பணயம் வைக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல.

ஊசியோடு முடிந்துவிடுவதில்லை என்பதுதான் அறிவியல் மெல்ல மெல்லக் கண்டுகொண்ட செய்தி. 1960களில் கென்யாவில், உயிரோடு பிடித்து இடம் மாற்றிய ஒருவகை மான்கள், காயம் எதுவுமின்றி நாட்கள் கழித்து இறந்தன. உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் தசைகள் வெளுத்துச் சிதைந்திருந்ததைக் கண்டார்கள். துரத்தலிலும் அச்சத்திலும் தசை தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. அமிலம் சேர்கிறது. தசைநார்கள் உடைகின்றன. உடைந்த தசையின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் கறுக்கிறது. பிடித்த அன்றே சாகும் விலங்கும் உண்டு, வாரம் கழித்துச் சாகும் விலங்கும் உண்டு. நம் புள்ளிமான் இதற்கு எளிதில் பலியாகும் என்பது மான் பிடிப்பவர் எல்லோருக்கும் தெரியும். கூண்டு திறந்தவுடன் துள்ளி ஓடிய மானைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அந்த மானின் உடலில் தொடங்கிவிட்டது நம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

யானையின் விஷயத்தில் தொடர்ந்து நடப்பது இன்னும் நீண்டது. மியான்மர் மரத்தொழில் யானைகளின் பதிவேடுகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளின் வாழ்நாளை ஒப்பிட்டது. அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சம் காட்டில் பிடிபட்டவை. மற்றவை முகாமில் பிறந்தவை. ஒரே வேலை, ஒரே தீனி, ஒரே மருத்துவம். ஆனாலும் பிடிபட்டவை மூன்று முதல் ஏழு ஆண்டு குறைவாக வாழ்ந்தன. எந்த முறையில் பிடித்தாலும் இதுதான். பிடிபட்ட வயது கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. பிடிபட்டதற்கு அடுத்த ஓராண்டு மிகக் கொடியது. அந்த ஆபத்து மெல்லக் குறைந்தாலும் பத்தாண்டு வரை அதன் தடம் தெரிந்தது. டெனன்ட் தந்த அட்டவணையைப் படித்தவருக்கு இதில் வியப்பிருக்காது. 72 யானைகளின் முதலாண்டும், மியான்மர் யானைகளின் முதலாண்டும் ஒன்றே. ஏடு இருந்ததால்தான் இரண்டும் நமக்குத் தெரிய வந்தன.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 2016 ஜூன் மாதம் கோவை மதுக்கரையில், மகராஜ் என்று ஊரார் பேர் வைத்திருந்த களிறு மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. டாப்சிலிப் பக்கம் வரகளியாற்றில், கரால் எனப்படும் மரக்கூண்டில் அடைத்தார்கள். இரண்டே நாளில் அது இறந்தது. மரச்சுவரில் தலையை மோதிய காயம் மண்டையோட்டில் இருந்தது. வளர்ந்த ஒரு களிறு, மயக்கம் தெளிந்து கண்விழிக்கும்போது நான்கு பக்கமும் மரம் நிற்கிறது. அந்த விலங்குக்கு அதற்கு முன்னால் எந்த நாளும் எதுவும் குறுக்கே நின்றதில்லை.

2019 ஜனவரி 25 அன்று தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து சின்னத்தம்பி என்ற களிற்றைப் பிடித்து வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். லாரியில் ஏற்றிய தள்ளுமுள்ளில் அதன் கொம்பு உடைந்தது, உடம்பெல்லாம் காயம். ஒரு வாரத்துக்குள் அது காட்டைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அலைந்து உடுமலைப் பக்கத்துக் கரும்புக்காட்டை அடைந்தது. அதன் கூட்டம் தடாகத்தில் இருந்தது. புறநானூற்றுக் களிறு குழியைச் சிதைத்துவிட்டு எங்கே போயிற்றோ, அதே இடத்துக்குத்தான் இதுவும் போகப் பார்த்தது. நீதிமன்ற அனுமதியோடு பிப்ரவரி 15 அன்று மறுபடியும் பிடித்துக் கராலில் அடைத்தார்கள். இன்று அது கும்கி. 2023 பிப்ரவரியில் தருமபுரி பாலக்கோட்டில் ஒரு மக்னா, அதாவது கொம்பில்லாத களிறு, பிடிபட்டபோது அந்த வேலைக்குச் சின்னத்தம்பியைக் கொண்டுபோனார்கள்.

அந்த மக்னாவின் கதையைச் சொல்ல வேண்டும். அதையும் வரகளியாற்றில் விட்டார்கள். அது பிப்ரவரி முடிவதற்குள் நடந்து கோவை நகரின் தெருக்களுக்குள் வந்தது. அதே மாதம் இரண்டாம் முறை பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். ஜூலை இறுதியில் பொள்ளாச்சிப் பக்கம் சரளபதியில் மூன்றாம் முறை பிடித்தார்கள். செப்டம்பரில் வால்பாறைப் பகுதியில் அது இறந்து கிடந்தது. ஒரே ஆண்டில் மூன்று மயக்கம், மூன்று லாரி, மூன்று அறியாத காடு. ஒவ்வொரு முறையும் செய்தி ஒன்றுதான்: பத்திரமாகப் பிடித்துக் காட்டில் விடப்பட்டது.

அரிக்கொம்பன் என்ற களிற்றை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 ஏப்ரல் 29 அன்று இடுக்கி சின்னக்கானலில் பல ஊசிகள் போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத்துக்குள் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து, லாரியிலேயே நெடுந்தூரம் கொண்டுபோய் களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாற்றில் விட்டது. அங்கே அது ஒருவாறு நிலைத்தது. நிலைத்த கதையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நிலைக்காத கதையும் உண்டு. கர்நாடகத்தின் ஹாசனில் 2024 ஜனவரியில் பிடித்துப் பந்திப்பூரில் விட்ட தண்ணீர்க்கொம்பன், பிப்ரவரி 2 அன்று வயநாட்டின் மானந்தவாடி நகரில் வந்து நின்றது. அன்றே மறுபடியும் ஊசி, மறுபடியும் லாரி. பந்திப்பூர் முகாமை அடைந்த கொஞ்ச நேரத்தில் அது இறந்தது. உடலில் ஆறாத சீழ்க்கட்டியும் நுரையீரலில் நோயும் இருந்தன. நோயுற்ற யானையைப் பிடிக்காதே என்ற பழைய விதி நினைவுக்கு வருகிறது. முந்தின மாதம் பிடித்தபோதுதான் அதே யானையைத் தொட்டுக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டியிருந்தார்கள். அந்தப் பட்டை யானை எங்கே இருக்கிறது என்று சொல்லும். எப்படி இருக்கிறது என்று சொல்லாது.

இடம் மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையை இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு களிறுகளுக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டித் தேசியப் பூங்காக்களில் விட்டார்கள். சில தம் இடத்துக்கே திரும்பின. சில திக்கின்றி நெடுந்தூரம் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்தை ஒட்டித் தங்கின. 2012இல் அவர்கள் எழுதிய முடிவு கடுமையானது. இந்த இடமாற்றத்தால் மனித–யானை மோதல் புதிய ஊர்களுக்குப் பரவியது, கூடவும் செய்தது. யானைகளும் அதிகம் இறந்தன. எந்த நோக்கத்துக்காகச் செய்தார்களோ அது இரண்டு பக்கமும் தோற்றது.

இங்கே மனிதர்களின் பக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவது அநியாயம். நாட்டில் ஆண்டுக்கு ஐந்நூறு பேர் அளவில் யானையால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருட்டில் வீட்டுக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளர்கள், காவல்பரணில் கண்விழிக்கும் சிறு விவசாயிகள், கழிவறை இல்லாத வீட்டுப் பெண்கள். யானையைப் பிடி என்று மறியல் செய்பவரின் கோபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பிடித்த பிறகு அந்த ஊரில் என்ன நடந்தது என்ற கணக்கும் அவருக்குத் தரப்படவில்லை. ஒரு களிறு போன இடத்துக்கு இன்னொரு களிறு வந்ததா, பயிர்ச்சேதம் குறைந்ததா, சாவு குறைந்ததா? ஒரு யானையின் வாழ்நாளைக் கொடுத்து அந்த ஊர் எதைப் பெற்றது என்பதை அந்த ஊர்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிடிப்பதைத் தவிர்க்கவே முடியாத தருணங்கள் உண்டு என்பதை நான் ஏற்கிறேன். அந்தத் தருணத்தில் கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. தமிழக வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த வி. கிருஷ்ணமூர்த்தியை, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர் பலர் அறிவார்கள். 1998இல் கூடலூர்ப் பகுதியில் ஒரு மக்னா பிடிபட்டது. கேரளத்திலும் இங்குமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட யானை. சுட்டுக்கொல்ல ஆணை இருந்தது. அதன் உடம்பில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்த புண்கள் இருந்தன. கிருஷ்ணமூர்த்தியின் மேற்பார்வையில் அந்தப் புண்களுக்கு மருந்திட்டு, பொறுமையாகப் பழக்கினார்கள். மூர்த்தி என்று அவர் பெயரையே வைத்தார்கள். தெப்பக்காடு முகாமில் குழந்தைகளும் அருகே நிற்கக்கூடிய சாந்தமான யானையாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 2024இல் அது இறந்தது. மூர்த்தியின் கோபத்துக்கு அதன் புண்களும் காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. அந்தப் புண்களைத் தேடிப் பார்த்தவர் ஒருவர் அங்கே இருந்தார்.

ரிவால்டோ இன்னொரு கதை. துதிக்கை நுனி அறுபட்டு, மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் வீடுகளை ஒட்டியே திரிந்த களிறு. 2021 மே மாதம் ஊசி எதுவும் போடாமல், பழமும் கரும்பும் வைத்துப் பழக்கியே அதைக் கராலுக்குள் நடந்துவரச் செய்தார்கள். எத்தனையோ நாள் பிடித்த வேலை. தள்ளுமுள்ளு இல்லை, உடைந்த கொம்பு இல்லை. ஆகஸ்டில் முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டபோது ஒரே நாளில் வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் மறுபடியும் பிடிக்கவில்லை. அது தேர்ந்த இடத்திலேயே விட்டுக் கண்காணித்தார்கள். பொறுமை ஒன்றைத் தவிர வேறு புதிய கருவி அங்கே தேவைப்படவில்லை.

யானையை விட்டு ஒரு நிமிடம் பாம்புக்கு வருகிறேன். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த நல்லபாம்பையும் விரியனையும் மண்பானையில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் சில முறை நஞ்செடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுகிறார்கள். அதே பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் விட்டுவிடலாம். ஏழை உழைப்பாளிகளின் சங்கம் ஒரு பாம்புக்கு எழுதிவைக்கும் கணக்கு இது.

யானைக்கு எழுத வேண்டிய ஏடு இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எந்த நேரத்தில், எத்தனை டிகிரி வெயிலில், எத்தனை ஊசி, எவ்வளவு மருந்து. லாரியில் எத்தனை மணி நேரம் நின்றது. ஏற்றும்போது என்ன காயம், அது எப்போது ஆறியது. சாணத்திலிருந்தே மன அழுத்த ஹார்மோனின் அளவைக் கண்டறியும் ஆய்வகம் நம் நாட்டில் இருக்கிறது. அந்த அளவு மாதந்தோறும் எப்படி மாறியது. விட்ட இடத்தில் கூட்டத்தோடு சேர்ந்ததா, தனியே நின்றதா. பழைய ஊரில் பயிரும் உயிரும் தப்பினவா, புதிய ஊரில் யார் பாதிக்கப்பட்டார்கள். கராலில் அடைத்த யானையென்றால், அதன் தீனியையும் தூக்கத்தையும் அன்றாடம் கவனிக்கிற மலசர், குறும்பர், காட்டுநாயக்கர் பாகன்களும் காவடிகள் எனப்படும் அவர்களின் உதவியாளர்களும் சொல்வதை அவர்கள் பெயரோடு அதில் எழுத வேண்டும். அந்த யானை இன்று ஏன் தின்னவில்லை என்று உலகில் அவர்களுக்குத்தான் தெரியும். மியான்மர் யானைகளில் பிடிபட்டதன் தடம் பத்தாண்டு தெரிந்தது. இந்த ஏட்டையும் பத்தாண்டு எழுத வேண்டும், யார் கேட்டாலும் படிக்கத் தர வேண்டும். அடுத்த யானையைப் பிடிக்க ஆணையிடும் அதிகாரியின் மேசையில், முன்னே பிடிபட்ட யானைகளின் ஏடுகள் திறந்து கிடக்க வேண்டும். அவற்றைப் படித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அவர் ஆணையில் கையெழுத்திட வேண்டும்.